ஜெர்மன் ஓபராவில் பெண் பார்த்த கதை

என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போய் நான் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் ஜெர்மன் பாட்டுக் கேட்டேன். நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரே நாளிலா என்று கேட்கிறார்கள். ஒரே நாளில் இல்லை, நான்கு சனிக்கிழமைகளில். ஒரே நாளில் என்றால் நான் இதை எழுத உயிரோடு இருந்திருக்க மாட்டேன்.

தம்பிக்கு அப்போது வயது முப்பத்தாறு. சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம், மலேசியாவில், கெலாங் பாத்தாவில் நண்பர்களோடு வாடகை வீட்டில் தங்கி, சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலம் வழியாக மோட்டார் சைக்கிளில் தினமும் போய்வருகிறவன். ஜோகூரில் இப்படிப் போய்வருகிற ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. உட்கார வைத்தால் தூங்கிவிடுவார்கள். என் தம்பி அந்தக் கூட்டத்துக்கே தலைவன். ஞானஸ்நான விருந்தில் தூங்குவான். பூசையில் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கத் தொண்டையைச் செருமும்போதே தூங்குவான். அதற்கு முந்திய வருடம் குளுவாங்கில் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண் தேநீர்த் தட்டோடு வந்து நின்றபோது இவன் சோபாவில் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பெண்ணின் அப்பா எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். அவ்வளவுதான்.

அதனால் எங்கள் பங்குக் கோயிலில் ஒருவர் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தபோது, இதையும் இவன் தூங்கியே கெடுத்துவிடக் கூடாதே என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். பெண்ணின் ஊர் உலு திராம். எங்களைப் போலவே ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ஜெர்மன் மொழி சொல்லித்தருகிறாள். ஆனால் ஒரு நிபந்தனை. பெண் வீட்டுக்கு யாரும் வரக்கூடாதாம். தேநீர் நீட்டி நீட்டி அவளுக்கு அலுத்துவிட்டதாம். பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமை மதியம் இலவசமாக ஒரு படம் போடுகிறாள், விருப்பமிருந்தால் மாப்பிள்ளை அங்கே வரட்டும் என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

இலவசப் படம், குளிர்சாதன மண்டபம். நான் சரி என்று சொல்லிவிட்டேன். என்ன படம், எத்தனை மணி நேரம் என்று கேட்கவேண்டும் என எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தோன்றியது. அவர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "இது நாலு பாகமாம். மொத்தம் பதினஞ்சு மணி நேரமாம். மச்சான் இப்படியே இருந்துட்டுப் போகட்டும்லா," என்று சொல்லிவிட்டு, காரைக் கழுவப் போய்விட்டார். அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

எங்கள் அத்தையும் வந்தார். அம்மா அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்கு அப்பாவின் தங்கையான அவர்தான் பெரிய மனுஷி. பெண் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போனால் குடும்ப மானம் போய்விடும் என்பது அவர் கட்சி. ஆகவே எங்கள் ஊரான பெக்கான் நானாஸிலிருந்து கிளம்பும்போது காரின் பின்னிருக்கையில் ஐந்து தட்டுகள் இருந்தன. ஒன்றில் ஆப்பிளும் ஆரஞ்சும், ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் லட்டு, ஒன்றில் வெண்ணெய் கேக், ஒன்றில் எங்கள் ஊர் அன்னாசி, தலைக்கொண்டையோடு. எல்லாவற்றுக்கும் கண்ணாடித்தாள் சுற்றி, மேலே ரோஸ் ரிப்பன். அத்தை காஞ்சிபுரம் பட்டு கட்டியிருந்தார். அவர் கண்ணுக்குக் குறைவாகத் தெரியக்கூடாது என்று நானும் பட்டு.

மண்டப வாசலில் நின்ற இரண்டு மாணவர்கள் எங்களைப் பார்த்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே உணவு கொண்டுபோகக் கூடாது என்றார்கள் மரியாதையாக. தட்டுகளை வாங்கி, வெளியே இருந்த நீள மேசையில் வரிசையாக வைத்தார்கள். தம்பி நேராக அங்கேயே வந்து சேர்ந்தான். சட்டை கசங்கியிருந்தது. கண் சிவந்திருந்தது. "இன்னைக்கு மட்டும் தூங்கின, கொன்னுடுவேன்," என்று காதோடு சொன்னேன்.

"தூங்க மாட்டேன்க்கா," என்றான் கொட்டாவியோடு.

உள்ளே இருநூறு நாற்காலிகள். எங்களைச் சேர்த்துப் பத்துப் பேர். பெண் முன்னால் நின்று வரவேற்றுப் பேசினாள். மாநிறம், நல்ல உயரம், கண்ணாடி, கையில் மைக். ஓபரா என்றால் பேசவேண்டியதையெல்லாம் பாடியே தீர்க்கும் நாடகம், இது மேடையில் நடந்ததைப் படமாக எடுத்தது, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும் என்று விளக்கினாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வந்து தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பிக்கு மறுபக்கம் நான். எனக்கு அந்தப் பக்கம் அத்தை. பெண் பார்க்கும் சடங்கு தொடங்கியது.

திரையில் மூன்று பெண்கள் ஆற்றுக்கடியில் நீந்திக்கொண்டே பாடினார்கள். ஒரு குள்ளன் அவர்களைத் துரத்தினான். நான் தம்பியைக் கிள்ளினேன். குள்ளன் தங்கத்தைத் திருடினான். கிள்ளினேன். ஒற்றைக்கண் சாமி ஒருவர் வந்தார், அவருக்கு இரண்டு ராட்சதர்கள் கோட்டை கட்டிக் கொடுத்திருந்தார்கள், அதற்குப் பதிலாக அவர் தம் மச்சினியைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து நான் கிள்ள மறந்துவிட்டேன். என்ன மனுஷன் இவர் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பிப் பார்த்தால் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். முதுகை நேராக வைத்து, கையைக் கட்டி, முகத்தைத் திரைக்கு நேராக நிறுத்தித் தூங்குவது அவன் கற்றுவைத்திருந்த வித்தை. முன்னிருந்து பார்த்தால்தான் கண் மூடியிருப்பது தெரியும். பக்கத்திலிருப்பவளுக்கு எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இடைவேளையே இல்லாமல் ஒருவழியாக முடிந்தது. அத்தைக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. வெளியே வந்தோம். மேசையில் ஐந்து தட்டுகளும் இருந்தன, அவற்றில் ஒன்றும் இல்லை. அடுத்த கட்டடத்தில் வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள், இலவசப் படம் என்ற அறிவிப்பைப் பார்த்து, தட்டும் இலவசம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அன்னாசியைக்கூட யாரோ எங்கிருந்தோ கத்தி கொண்டுவந்து வெட்டியிருந்தார்கள். துறைத்தலைவர், வயதான மலாய்க்காரர், கடைசித் துண்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டு அத்தையிடம் வந்து நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். மூன்று வருடமாக இந்தத் திரையிடலுக்கு இப்படி ஒரு விருந்து நடந்ததே இல்லையாம்.

அத்தை முகத்தில் ஈயாடவில்லை. காரில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"சம்பந்தத் தட்டுல கை வச்சிட்டானுங்க! தட்டை வாங்கிட்டா சம்மதம்னு அர்த்தம். இப்ப வாங்கினது யாரு?"

"அந்தக் கணக்குப்படி அந்த காலேஜ் முழுக்க நம்ம தம்பிக்குத்தான் அத்தை," என்றேன். அவர் வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரமும் வருவதாக யார் சொன்னது? தம்பிதான். படம் முடிந்ததும் பெண்ணோடு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தவன் அப்படிச் சொல்லிவிட்டு வந்திருந்தான். என்ன பேசினாய் என்று குடைந்தேன். படம் எப்படி இருந்தது என்று அவள் கேட்டாளாம். "அந்தச் சாமி கோட்டை கட்டறதுக்கு முன்னாடியே கான்ட்ராக்டர்கிட்ட ஒழுங்கா பேசியிருக்கணும்னு சொன்னேன். சிரிச்சாங்க," என்றான். அவன் காது சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. முப்பத்தாறு வயதில் முதல்முறையாக இவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, அதுவும் ஒரு தூக்கத்துக்கும் இன்னொரு தூக்கத்துக்கும் நடுவில். இனி இது கைகூடாமல் போனால் இவன் தாங்கமாட்டான் என்று எனக்குப் பயம் வந்தது.

இரண்டாம் சனிக்கிழமை மண்டபம் பாதி நிறைந்திருந்தது. விஷயம் எளிது. ஜெர்மன் படத்துக்குப் போனால் கேக் கிடைக்கும் என்று மாணவர் விடுதி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. துறைத்தலைவர் வாசலிலேயே நின்று, "புவான், இன்னைக்கு என்ன கொண்டு வந்தீங்க?" என்று மலாயில் கேட்டார். அத்தைக்குக் கோபம் போய்ப் பெருமை வந்துவிட்டது. அன்று அன்னாசித் தார்ட் மட்டும்தான் கொண்டுவந்திருந்தார், அதுவும் பெண் வீட்டுக்கென்று. அடுத்த வாரம் தேங்காய்ப்பால் சோறு, அதுதான் நாசி லெமாக், கொண்டுவருவதாக அவரிடம் வாக்குக் கொடுத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வந்தது மாப்பிள்ளை வீடாக, ஆனது சமையல்காரர்களாக.

அன்றைய பாகம் முதல் பாகத்தைவிட நீளம். ஒற்றைக்கண் சாமியை அவர் மனைவி நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். அவர் விளக்கம் சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை மடியில் மறைத்து ஜெபமாலை சொல்லத் தொடங்கினார். ஒரு மாலை முடிந்தது, இரண்டாவது முடிந்தது, சாமியின் விளக்கம் முடியவில்லை. "நம்ம பங்குச் சாமியாரே தேவலாம்," என்று பெருமூச்சு விட்டார். தம்பியின் கை முழுக்கக் கிள்ளிக் கிள்ளிச் சிவந்துபோயிருந்தது. இடைவேளையில் பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன ஆச்சு கையில?"

"கொசு," என்றான் தம்பி.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையில் விளக்குகள் அழகாக இருக்கின்றன என்பது போல மேலே பார்த்தேன்.

மூன்றாம் வாரம் அத்தை நாசி லெமாக்கோடும் ஒரு கம்பளிப் போர்வையோடும் வந்தார். அன்றைக்கு ஒரு பயமறியாத வாலிபன் வந்து கத்தி செய்து, பெரிய பாம்பு போன்ற ஒரு பூதத்தைக் கொன்றான். அத்தை படத்தில் இறங்கிவிட்டார். "டேய், பின்னாடி பாருடா, அந்தக் கிழவன் விஷம் வச்சிருக்கான்!" என்று வாய்விட்டே சொன்னார். நான்கு வரிசை தள்ளியிருந்த சீனப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் அந்த வாலிபன், மலை மேல் தீக்கு நடுவே தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைத் தேடிப் போனான். "பொண்ணு பார்க்க ஒத்தையாளாப் போறானே, பெரியவங்க யாரும் இல்லையா?" என்று அத்தை வருத்தப்பட்டார். அவன் அவளை எழுப்பினான். அவள் எழுந்து, சூரியனுக்கு வணக்கம் சொல்லி, நீளமாகப் பாடினாள்.

திரையில் தூங்கியவள் எழுந்துவிட்டாள். என் தம்பி எழவில்லை. தலை மெல்லச் சாய்ந்து சாய்ந்து பெண்ணின் தோள்பக்கம் போய்க்கொண்டிருந்தது. சட்டைக் காலரைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன். அவன் திடுக்கிட்டு எழுந்து கைதட்டினான். படம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

அன்று அவள் என்னைத் தனியாக வாசல் பக்கம் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க தம்பிக்கு இது பிடிக்கலையா?"

"சேச்சே! ரசிச்சுக் கேக்கறவங்க கண்ணை மூடிக்கிட்டுத்தானே கேப்பாங்க," என்றேன். பல் பிடுங்க வருகிறவர்களிடம் வலிக்காது என்று தினமும் சொல்லிப் பழகிய வாய் இது.

அவள் சிரிக்கவில்லை. "பிடிக்கலைன்னா பரவால்லக்கா. எங்கம்மாவுக்கும் பிடிக்காது. ஆனா என்கூட உட்கார்ந்திருக்கறதே அவருக்கு போர் அடிச்சா, அதை இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லது. நல்லாத்தான் பேசறாரு, விளக்கை அணைச்சா ஆளே இல்ல. அடுத்த வாரம் முடிஞ்சதும் எங்க வீட்ல பதில் கேப்பாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினேன். மாடு மாதிரித் தூங்குகிறாயே, ஒரு பெண்ணுக்காக நாலு மணி நேரம் கண்ணைத் திறந்து வைக்கத் துப்பில்லையா என்று கேட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். "இந்தத் தடவை தூங்க மாட்டேன்க்கா," என்று மட்டும் சொன்னான். பின்னால் பெரிய இயந்திரச் சத்தம் கேட்டது.

நான்காம் சனிக்கிழமை நாற்காலிகள் போதவில்லை. பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். துறைத்தலைவர் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அத்தையின் நாசி லெமாக்கா, ஓபராவா, எதற்கு வந்தார்கள் என்று நான் ஆராயவில்லை. என் பார்வை முழுக்கத் தம்பி மேல் இருந்தது. பாலில்லாத காப்பி வாங்கிக் கொடுத்தேன். புதினா மிட்டாய் கொடுத்தேன். முதல் அங்கம் முழுவதும் விழித்திருந்தான். இரண்டாம் அங்கமும் விழித்திருந்தான், கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தாலும். இடைவேளைகளில் அவளோடு நின்று பேசினான். அவள் ஒருமுறை சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றால், நான் ஓபராவில் விழுந்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த வாலிபனை முதுகில் குத்திக் கொன்றுவிட்டார்கள். போன வாரம் அவன் எழுப்பிய பெண், அவன் பெண்டாட்டி, வந்து நின்றாள். சுற்றி எல்லாரும் துரோகிகள். அவள் விறகடுக்கச் சொல்லி, தீயை மூட்டச் சொல்லி, தன்னந்தனியாக நின்று பாடத் தொடங்கினாள். கீழே ஓடிய எழுத்தைப் படிப்பதை நான் விட்டுவிட்டேன். தேவையே இல்லை. தீ எழுந்தது, ஆறு பெருகியது, மேலே அந்தச் சாமிகளின் கோட்டையும் எரிந்தது. எனக்குக் கண்ணீர் கொட்டியது. அத்தை மூக்கைச் சிந்தினார். விளக்குகள் எரிந்தன, மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் எழுந்து தட்டினேன். அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன்.

தம்பி நேராக உட்காரக்கூட இல்லை. சரிந்து, கழுத்து மடங்கி, வாய் திறந்து கிடந்தான். அத்தனை பேர் தட்டிய தட்டலிலும் அவன் இமை அசையவில்லை. அவள் எழுந்து நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது கதை என்று கைதட்டுவதை நிறுத்தினேன்.

"எழுப்புடி," என்று அத்தை என்னை இடித்தார். என்னால் முடியவில்லை. அவள்தான் குனிந்து, அவன் தோளைத் தொட்டாள்.

"ஹலோ. முடிஞ்சிடுச்சு."

என் தம்பி கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனால் எழுந்து நின்றான். வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பாஸ்போர்ட்டை எடுத்து, ஒரே கையால் படமுள்ள பக்கத்தைப் பிரித்து, அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். குடிநுழைவுச் சாவடியில் அதிகாரியிடம் நீட்டுகிறோமே, அச்சு அசல் அதே மாதிரி. நீட்டிவிட்டு, நகரச் சொல்வார்கள் என்று காத்து நின்றான்.

பின்னாலிருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேருடைய அப்பாவோ அண்ணனோ இப்படிப் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "அலமாக்!" என்று அதிர்ந்து கூவினார் துறைத்தலைவர். அந்தச் சத்தத்தில்தான் தம்பி விழித்தான். தன் கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

அவள் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இது ஏன் சட்டைப் பையில இருக்கு? வீட்லேர்ந்து வரலையா நீங்க?"

அவன் பின்தலையைச் சொறிந்தான்.

"சிங்கப்பூர்லேர்ந்து நேரா வர்றீங்களா?"

"ம்."

"சனிக்கிழமை லீவுன்னு அக்கா சொன்னாங்களே?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சனிக்கிழமை பகலில் அவனுக்கு வேலை. அதைச் சும்மா மாற்றிக்கொள்ள ஒருவரும் சம்மதிக்கவில்லையாம். யாருக்கும் வேண்டாத வெள்ளிக்கிழமை ராத்திரி வேலையை வாங்கிக்கொண்டு, சனிக்கிழமையை ஒருவனிடம் மாற்றியிருக்கிறான். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்து, காலையில் பாலத்துப் போக்குவரத்து ஜேமில் காத்துக் கிடந்து, நேராக இங்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். நான்கு வாரமும். இதையெல்லாம் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, துண்டு துண்டாகச் சொன்னான். நான் அவனைக் கிள்ளிய விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"ஏன் சொல்லல?" என்றாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வர வேணாம்னு சொல்லியிருப்பீங்க," என்றான்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பவும் போட்டுக்கொண்டாள். பிறகு அவன் பாஸ்போர்ட்டை மூடி, தன் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தாள்.

"இந்தக் கண்ணோட பைக் ஓட்ட வேணாம். எங்க வீட்டுக்கு வாங்க. அம்மா சோறு போடுவாங்க. சாப்பிட்டுட்டு, போதும்ங்கற வரைக்கும் தூங்குங்க. யாரும் எழுப்ப மாட்டோம்."

"எந்த வீட்டுக்கும்மா?" என்றார் அத்தை, காதில் விழுந்ததை நம்பாமல்.

"எங்க வீட்டுக்கு ஆன்ட்டி. உலு திராமுக்கு. நீங்களும் வாங்க, அக்காவும் வரட்டும். பதில் கேட்டுட்டே இருக்காங்க, நேர்லயே சொல்லிடறேன்."

ஜோகூரில் அக்கரைக்கு வேலைக்குப் போகிறவன், பாஸ்போர்ட்டைப் பெண்டாட்டியிடம்கூடக் கொடுத்துவைக்க மாட்டான். அது அவன் சோறு. என் தம்பி அதைத் திருப்பிக் கேட்கவில்லை. தன் பாஸ்போர்ட் இருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.